சூழல் கெட்டுவிடும்

மனு எழுதுவது எமது நாட்டிலே ஒரு தனித்தொழிலாக இருந்து வந்திருக்கிறது. கச்சேரி வாசலில், மரநிழலில் மேசை போட்டமர்ந்து பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர். குறை ஒருவருடையது, அதைச் சொல்லும் மொழி இன்னொருவருடையது. எழுதியவர் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த குறையாளனை அழைப்பார். அக்குறையில் அவருக்குப் பங்குமில்லை, பழியுமில்லை.

நாம் எழுதிய மனு அத்தகையதன்று. அதில் எமக்குப் பங்கும் உண்டு; பழியும் உண்டு. 2016 ஆம் ஆண்டிலே எழுதப்பட்ட அந்த மனுவின் பிரதியொன்று இன்றும் எமது மேசை இலாச்சியிற் கிடக்கிறது. அதைப்பற்றி எழுத வேண்டுமென்று பலமுறை எண்ணியும், கூச்சத்தினால் பின்போட்டு வந்தோம்.

எமது கிராமம் சுன்னாகச் சந்தைக்கு அண்மையிலுள்ளது. வெங்காயமும் புகையிலையும் வாழையும் மரவள்ளியும் விளையும் செம்மண் பூமி. ஆறென்று சொல்லத்தக்கது யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை; மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைப்பது ஒருவகை உபசாரம். எமக்கு எல்லாமே கிணறுதான். பெய்யும் மழை செம்மண்ணினூடாக இறங்கி, அடியிலுள்ள சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கி, கடலிலிருந்து ஊடுருவும் உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும். மேலே கொட்டியது எதுவாயினும் கீழே இறங்கும். பாறை வெடிப்புகளுக்கு எல்லைக்கல் இல்லை. ஒருவர் வளவிற் சிந்தியது அடுத்தவர் கிணற்றிற் கசியும். வேலிக் கதியாலை அரையடி அரக்கி நட்டதற்காக நீதிமன்றம்வரை செல்லத் தயங்காத சமூகமொன்றின் காலடியிலே, இயற்கை இப்படியொரு பொதுவுடைமையை வைத்திருக்கிறது!

இப்பூமியின் விளிம்பிலேதான் சுன்னாகம் மின் நிலையம் அமைந்திருக்கிறது. போர்க்காலத்தில் தேசிய மின் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டுக்கு, எண்ணெய் எரித்து இயங்கும் யந்திரங்களே ஒளி கொடுத்தன. அந்த ஒளியிலேதான் நாம் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதனைச் சுற்றி வாகனத் திருத்தகங்களும் மரக்காலைகளும் அரிசி ஆலைகளும் வளர்ந்தன. நகரமென்றும் கிராமமென்றும் சொல்ல முடியாத, தொழிலகங்களும் தோட்டங்களும் கலந்த ஒரு சுற்றாடல் அது.

2014 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அச்சுற்றாடலின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. கிணறுகளில் எண்ணெய் படர்ந்திருப்பதாக மக்கள் முறையிட்டனர். மாணவரும் மருத்துவரும் சமயத் தலைவர்களும் வீதிக்கு வந்தனர். பவுசர்களில் நீர் விநியோகிக்கப்பட்டது. நிபுணர் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று இசையாத முடிவுகளைச் சொல்லின. நீரைக் குடிக்கலாமா, குடிக்கக் கூடாதா என்ற எளிய வினாவுக்கு எளிய விடையைச் சொல்வார் ஒருவருமில்லை. எமது வீட்டுக் கிணற்றில் எண்ணெய் மிதந்ததாக நாம் கண்டதில்லை. ஆயினும் அம்மா ஒவ்வொரு நாளும் காலையில் வாளித் தண்ணீரை வெயிலில் வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பா. பார்த்துவிட்டு அதையே உலையில் வைப்பா. வேறு என்ன செய்வது?

அச்சம் ஆறாத அந்த நாட்களிலேதான் வீட்டுத்திட்டச் செய்தி வந்தது.

எமது ஒழுங்கையின் முடிவில், மின் நிலையப் பக்கமாக, 3 ஏக்கர் அளவான தரிசு நிலம் ஒன்று இருந்தது. எமது கணக்கில் 48 பரப்பு. உரிமையாளர் வெளிநாட்டில். அந்நிலத்தை அரச திணைக்களமொன்று பெற்று, முகாம்களில் வாழும் இருபது குடும்பங்களுக்குத் தலா 2 பரப்பாகப் பிரித்து வீடு கட்டிக் கொடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் இவர்கள். கால் நூற்றாண்டு காலம் பிறர் காணிகளில், தகரத்தாலும் கிடுகாலும் தறப்பாளாலும் ஆன கொட்டில்களில் வாழ்ந்தவர்கள். 2009 இற் போர் முடிந்தபின் காணிகள் சிறுகச் சிறுக விடுவிக்கப்பட்டன. காணியுள்ளோர் திரும்பினர். காணி விடுவிப்பு என்பது காணியுடையவருக்கே விடுதலை. இடம்பெயருமுன்னரும் பிறர் நிலத்திற் குடியிருந்து கூலி செய்தவனுக்கு எதை விடுவிப்பது? ஆகவே முகாம்களில் இறுதிவரை எஞ்சியோர் பெரும்பாலும் நிலமற்றோர். யாழ்ப்பாணத்தில் நிலமற்றோர் யாவர் என்று இப்பத்திரிகையின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

சனசமூக நிலையத்திற் கூட்டம் கூடியது. பாரதியார் படத்தின் கீழே வாங்கு போட்டு நாற்பது பேர்வரை இருந்தோம். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தலைமை வகித்தார். நல்ல மனிதர், எமக்கு ஏடு தொடக்கி வைத்தவரும் அவரே. தண்ணீர் கெட்டிருக்கிறது, இருபது குடும்பம் வந்தால் இருபது மலசலகூடக் குழிகள் வரும், கிணறுகள் மேலும் கெடும் என்று அவர் நிதானமாக எடுத்துரைத்தார். எவரும் மறுக்க முடியாத நியாயம். அப்பாற் பேசியவர்களும் தண்ணீரைப் பற்றியே பேசினர். கூட்டம் முடியும் தறுவாயில், பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:

“தண்ணி மட்டுமில்லை. உந்தச் சனம் வந்தால் எங்கடை சூழல் கெட்டுப்போம்.”

எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எவரும் ‘என்ன சொல்லுகிறீர்?’ என்று கேட்கவுமில்லை. சாதி என்ற சொல் அக்கூட்டத்தில் ஒரு தடவையேனும் உச்சரிக்கப்படவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ‘சூழல்’ என்று சொன்னால் நீரும் நிலமும் காற்றும் ஒரு பொருள். ‘யார் பக்கத்தில் யார் இருப்பது’ என்பது இன்னொரு பொருள். தமிழை நான்காண்டு பல்கலைக்கழகத்திற் கற்றுச் சிலேடையின் இலக்கணத்தை மனனம் செய்திருந்த நாம், எமது ஊரவர் ஒரே சொல்லில் அதைக் கையாண்டபோது கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள விரும்பவில்லை என்பதே சரி.

“பிள்ளை, நீர் தமிழ் படிச்சனீர். உம்மடை கையாலை எழுதித் தந்தால்தான் மேலிடத்திலை எடுபடும்,” என்றார் தபாலதிபர்.

நியமனம் பெற்று இரண்டாண்டுகூட ஆகாத ஆசிரியைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு இரவுகள் விழித்திருந்து எழுதினோம். நீரியல் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்தோம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளிற் பலகாலமாகப் பதிவாகியிருக்கிறது, அதைச் சேர்த்தோம். கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது என்பதையும் சேர்த்தோம். 2 பரப்புக் காணி ஏறத்தாழ 74 அடிச் சதுரம். அதற்குள் ஒரு வீட்டையும், ஒரு கிணற்றையும், கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி ஒரு மலக்குழியையும் அமைத்து, அடுத்த வீட்டாரின் குழியிலிருந்தும் அதேயளவு தூரம் பேணுவது எவ்வளவு கடினம் என்று கணக்கிட்டுக் காட்டினோம். அந்தக் கணக்கு இன்றும் சரியானதே. இறுதியில், மனு முழுவதற்கும் முத்தாய்ப்பாக ஒரு வாக்கியம் வைத்தோம்: “மேற்கூறிய காரணங்களால் இந்நிலம் மனிதர் குடியிருக்கத் தகாத நிலம் என்பதை வினயத்துடன் சுட்டிக்காட்டுகிறோம்.”

நூற்றுப் பதினேழு பேர் ஒப்பமிட்டனர். எமது பெயர் மூன்றாவது.

மனுவில் நாம் எழுதாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதற்கு முதற்காரணம் எமது தோட்டங்களிற் கொட்டப்பட்ட யூரியாதான் என்பது அதே கட்டுரைகளில் இருந்தது. எமது ஒழுங்கையிற் கிணற்றுக்கு 30 அடி தூரத்தில் மலக்குழி உள்ள வீடுகள் இருந்தன. அவற்றில் ஒன்று எம்முடையது. வரப்போகும் இருபது குழிகளை எண்ணிய நாம், இருக்கும் குழிகளை எண்ணவில்லை.

அடுத்த மாதம் பத்தாந்தர மாணவர்க்கு விண்ணப்பமும் முறைப்பாட்டுக் கடிதமும் எழுதும் முறையைக் கற்பிக்க வேண்டியிருந்தது. பாடநூலிலுள்ள உதாரணம் உயிரற்றது. ஆகவே எமது மனுவையே வகுப்பில் வாசித்தோம். விளிப்பு, பொருள், காரணங்களின் அடுக்கு, முடிவு என்று ஒவ்வொன்றையும் கரும்பலகையிற் குறித்து, முத்தாய்ப்பு வாக்கியத்தின் கீழ்க் கோடும் இழுத்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அதிகம் பேசாதவள், கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

“ரீச்சர், அந்தக் காணிக்குக் கிட்டத்தானே நீங்கள் இருக்கிறியள்?”

“ஓம்.”

“அப்ப அங்கை ஆக்கள் இருக்கினம்தானே?”

வகுப்புச் சிரித்தது. அவளுடைய தர்க்கத்தைப் புரிந்துகொண்டு சிரித்தவர் சிலர். ரீச்சர் விடை சொல்லத் தடுமாறியதைக் கண்டு சிரித்தவர் பலர். மணியடித்தது எமக்கு உதவியாயிற்று. அவளுடைய குடும்பமும் அந்த இருபதில் ஒன்று என்பதை வகுப்பாசிரியர் சொல்லித்தான் அறிந்தோம். அவள் முகாமிற் பிறந்தவள் என்பதும் அப்போதுதான் தெரியும். ஓராண்டாக அவளுக்குத் தமிழ் கற்பித்து வந்தோம்!

அன்று மாலை வீட்டுக் கிணற்றுக்கட்டில் நெடுநேரம் இருந்தோம். அந்தக் கட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அம்மம்மாவின் காலத்தில், தோட்டத்திற் கூலிக்கு வந்தோர் அதில் ஏற முடியாது. தாகமெடுத்தால் கட்டுக்குக் கீழே நின்று கைகளைக் குவிக்க, வீட்டார் எவராவது மேலே நின்று ஊற்றுவர். சிலருக்குப் பனையோலைப் பிளாவில் ஊற்றப்படும். அம்மம்மா இதைக் கொடுமையென்று சொல்லவில்லை. கிணற்றுக்குத் துலா இருந்ததைச் சொல்வதுபோலவே சொன்னா. எமது குடும்பம் கட்டின் மேலே நின்றதா கீழே நின்றதா என்பது இதிலிருந்து வாசகருக்கு விளங்கும்.

பொதுவிடங்களில் தீண்டாமை பாராட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து கிணற்றுக்கட்டுக்கு வர அதற்கு வழி தெரியவில்லை. 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆந் திகதி, தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் திறந்துவிடக் கோரி ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்தம் தோழர்களும் ஊர்வலமாகப் புறப்பட்டுப் பொலிசாரின் தடியடியைத் தாங்கியது எங்கே? இதே சுன்னாகத்திலேதான். அங்கிருந்து யாழ்ப்பாணம்வரை நடந்தனர். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டமும் எமது ஊரிலிருந்து தொலைவில் நிகழ்ந்ததன்று. இவற்றையெல்லாம் பல்கலைக்கழகத்தில் ஈழத்து முற்போக்கு இலக்கியப் பாடத்துக்குப் பின்னணியாகக் கற்றோம். விடைத்தாளில் எழுதி நல்ல புள்ளியும் பெற்றோம். அதே வீதியால் சைக்கிளில் வந்து, அதே கையால், ‘மனிதர் குடியிருக்கத் தகாத நிலம்’ என்றும் எழுதினோம்.

ஆயினும் மனச்சாட்சி உறுத்திவிட்டது என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. நிலத்தடி நீருக்கு ஆபத்திருந்தது மெய். அடுக்கடுக்காகக் குழிகள் தோண்டினால் அது பெருகும் என்பதும் மெய். மக்களை நஞ்சின் பக்கத்திற் குடியேற்றிவிட்டு, ‘வீடு கொடுத்தோம்’ என்று நாடா வெட்டும் அரசாங்க வழக்கமும் மெய். 2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பின் புறத்தே மீதொட்டமுல்லையிற் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் புதைத்தது. குப்பைமேட்டின் அடியில் எவரும் விரும்பிக் குடியிருப்பதில்லை. 2013 ஆம் ஆண்டு ஆவணி முதலாம் நாள், கம்பகா மாவட்டத்து வெலிவேரியாவில், தொழிற்சாலையால் கிணறுகள் கெட்டுவிட்டன என்று சொல்லி நல்ல தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்த சிங்களக் கிராமத்தவர்மீது இராணுவம் சுட்டது, மூவர் மாண்டனர். ஆகவே தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டது எமது ஊரின் குற்றமன்று. அந்தக் கவலையின் முடிவில் எதைக் கேட்டோம் என்பதே வினா. ‘எமக்கும் அவர்களுக்கும் நல்ல தண்ணீர் தா’ என்று கேட்டிருக்கலாம். நாம் கேட்டது, ‘அவர்களை வேறெங்காவது அனுப்பு’ என்பதே. நஞ்சு கலந்ததாக அஞ்சிய நீரைக்கூட, வேறொருவருடன் பங்கிட மனமில்லாமல், எமக்கென்று வேலி போட்டுக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை முகாமுக்குப் போனோம். மாணவியின் தாய் ஒரு தகரக்கதவைத் திறந்து பாய் போட்டா. ஐந்து வயதில் தாய் தகப்பனோடு இடம்பெயர்ந்து வந்தவ. அந்தக் கொட்டில் வரிசையிலேயே பெரியபிள்ளையாகி, மணமுடித்து, மூன்று பிள்ளைகளைப் பெற்றவ. கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் இடையே ஒரு கை அகலந்தான். பல குடும்பங்களுக்குப் பொதுவாகச் சில மலசலகூடங்கள். அவற்றுக்குச் சற்றுத் தள்ளிக் கிணறு. தூரத்தை அளந்து பார்க்கும் எண்ணம் எமக்கு வந்தது, அளக்கவில்லை. மனுவைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமென்றே சென்றோம். அவ எம்மை முந்திக்கொண்டா.

“தண்ணி சரியில்லையெண்டு பெரியாக்கள் எழுதினது சரியாத்தான் இருக்கும், ரீச்சர். ஆனால் இருபத்தாறு வரியமா இந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறம். இதைப் பற்றி ஒருத்தரும் ஒரு துண்டு எழுதேல்லை.”

குரலில் கோபமிருக்கவில்லை. மகளின் கணிதப் புள்ளிகளைப் பற்றி விசாரித்தா. வீடு கிடைத்தால் முதலில் இரண்டு கோழி வளர்க்கப்போவதாகச் சொன்னா. மன்னிப்புக் கேட்க நாம் தேடிச் சென்ற சொற்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

மறுவாரம் தபாலதிபரிடம் சென்று, மனுவைத் திருத்தி இன்னொன்று அனுப்பலாம் என்றோம். கட்டுமுன் நீரைப் பரிசோதிக்க வேண்டும். தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாகக் கழிவு வெளியேறாத பொதுத் தொட்டி வேண்டும். ஒழுங்கை முழுவதற்கும், பழைய வீடுகளுக்கும் புதிய வீடுகளுக்கும் சேர்த்து, குழாய்நீர் வேண்டும். இவற்றைச் செய்துவிட்டு அவர்களைக் குடியேற்றுக என்று எழுதுவோம் என்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிறிது நேரத்தின்பின்,

“பிள்ளை, நீர் எழுதினதுக்குத்தானே நாங்கள் ஒப்பம் வைச்சனாங்கள்?” என்றார்.

ஆயினும் கூட்டம் கூட்டித் தந்தார். பதினொருவர் வந்தனர். நாம் வாசித்து முடித்ததும் நால்வர் ஒப்பமிட்டனர். அவர்களில் ஒருவர் எமது அம்மா. ஏனையோர் எம்மை ஏசவில்லை. ஒருவர் மட்டும், “படிச்ச பிள்ளையளுக்கு ஊர் நடப்புத் தெரியாது,” என்று அனுதாபத்தோடு சொன்னார். அந்த ஐந்து பெயர்களுடனான மனுவையும் அனுப்பினோம். அதற்குப் பதில் வரவில்லை.

முதல் மனுவுக்கு வந்தது. சனசமூக நிலையத்துக்கு வந்த திணைக்களக் கடிதத்தில், ‘மனிதர் குடியிருக்கத் தகாத நிலம்’ என்ற எமது வாக்கியமே மேற்கோட் குறிக்குள் இருந்தது. திட்டம் வேறிடத்துக்கு மாற்றப்படுவதாகவும் அறிவிக்கப்பட்டிருந்தது. எமது எழுத்து அச்சில் வராத காலத்திலேயே அரசாங்கக் கோவையில் ஏறிவிட்டது.

இரண்டாண்டுகளின்பின் அந்த 48 பரப்பும் துண்டு துண்டாக விற்பனைக்கு வந்தது. தரகர் அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தில் ‘நன்னீர், பிரதான வீதிக்கு அண்மை, அமைதியான சூழல்’ என்றிருந்தது. இன்று அங்கே ஒன்பது வீடுகள். அவற்றில் நான்கு மாடிவீடுகள். ஒவ்வொன்றிலும் குழாய்க் கிணறு. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மலசலகூடங்கள். ஒரு வீட்டின் குடிபூரலுக்கு எம்மையும் அழைத்தார்கள். போனோம், பொங்கலும் உண்டோம். தபாலதிபரும் வந்திருந்தார். அந்நிலம் மனிதர் குடியிருக்கத் தகாதது என்று அங்கே எவரும் பேசவில்லை. எவர் எழுதினார் என்றுகூட எவருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

சுன்னாகத்து நீர் வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. நிலத்தடி நீர் மாசடைந்தது என்பதை ஏற்று, மாசுபடுத்தியவரே அதற்குச் செலவு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அப்பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தனியார் மின் உற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. அந்த வழக்கை அங்கு கொண்டு சென்றவர் தெற்கைச் சேர்ந்த சிங்களச் சூழலியலாளர் ஒருவர் என்பதை எமது பத்திரிகைகள் போதுமான அளவுக்குப் பேசவில்லை என்பது எமது எண்ணம். எம் கிணற்றில் ஒருநாளும் நீரள்ளியிராத ஒருவர் எம் கிணற்றுக்காக வழக்காடினார். எமது கிணற்றில் அள்ளவேண்டி வந்திருக்கக்கூடிய இருபது குடும்பத்துக்கு எதிராக நாம் மனு எழுதினோம்.

குடிநீர்க் குழாயின் கதையும் நீண்டது. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர், அவர்களுக்கும் நியாயமிருந்தது. பின்னர் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. எமது ஒழுங்கையில் இன்னும் குழாயில்லை. குடிப்பதற்குப் போத்தல் நீரை வாங்குகிறோம். வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறோம்.

அந்த இருபது குடும்பங்களுக்கும் வலிகாமம் வடக்கின் கரையோரத்திலே வீடுகள் கொடுக்கப்பட்டன. 1950 முதல் 1990 வரை இயங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த பெரும்பள்ளங்கள் உள்ள பக்கம் அது. பள்ளங்களுக்கு அயலவர் இல்லை; ஆதலால் அங்கே எவரும் மனு எழுதவில்லை. சென்ற வைகாசியில் நாம் அங்கு போனோம். மாணவி இப்போது திருமணமாகி வவுனியாவில் இருக்கிறாள். தாய் இருந்தா. முற்றத்திற் கோழிகள் நின்றன, இரண்டல்ல, ஏழு. தேநீர் தந்தா. உப்புக் கரித்தது. நாம் முகத்தைச் சுளிக்காமற் குடித்ததைக் கவனித்துக்கொண்டே,

“பழகிப்போச்சு, ரீச்சர். கோடையிலைதான் வாயிலை வைக்கேலாது,” என்றா. பிறகு சற்று யோசித்து, “குழாய்த் தண்ணிக்கு ஒரு மனு குடுக்கோணும். நீங்கள் வடிவா எழுதுவியளெண்டு பிள்ளை அப்பவே சொன்னவள்,” என்றா.

அந்தத் திண்ணையிலேயே இருந்து எழுதினோம். எழுதியதை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டா. ‘இக்கரையோர நிலம் வரட்சியானது, வாழ்வதற்குக் கடினமானது’ என்று ஓரிடத்தில் வந்தது. அதை வெட்டச் சொன்னா. வெட்டினோம். இருபத்திரண்டு பேர் ஒப்பமிட்டனர். இருவர் பெருவிரல் அடையாளம் வைத்தனர். ஆனி மாதம் முதலாம் வாரத்திற் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.